இருபத்து நான்கு தோட்டாக்களும் ஒரு சிறு பள்ளமும்

1

இன்று பினாங்கில் ஆயுத பூசை. காலையில் நீராடியபின் என் சிறு கருவிகளைத் துடைத்து மனைப்பலகையின்மேல் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருக்கும் என் மகள் மங்கை அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, இந்த வருசமும் உள்ளுக்குள்ள வைக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அவள் எதைக் கேட்டாள் என்பது இவ்வூரில் நால்வருக்கு மட்டுமே விளங்கும். தாய்நாட்டில் இருக்கும் அன்பர்களுக்கும் அது விளங்கட்டும் என்றே இக்குறிப்புகளை எழுதுகிறேன்.

ஊரில் நான் தமிழ் பயின்றவன். ஏடுகளை ஒப்புநோக்கிப் பிழை களைவது என் பயிற்சியாக இருந்தது. இங்கு வந்தபின் ஒரு வணிக நிறுவனத்தில் ஆங்கிலக் கடிதங்களுக்குப் படி எடுக்கும் எழுத்தராக இருபத்தைந்து ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். இவற்றோடு, கைத்துப்பாக்கிக்குத் தோட்டா செய்பவனாகவும் ஆனேன். இச்செய்தியை ஊருக்கு எழுதிய எக்கடிதத்திலும் நான் குறிப்பிட்டதில்லை. குறிப்பிட்டிருந்தால் என் தமையனார் அடுத்த கப்பலிலேயே புறப்பட்டு வந்து என்னை அழைத்துப்போயிருப்பார்.

இந்நிலைக்கு என்னை ஆளாக்கியவர் அமீது ராவுத்தர். சூலியா தெருவில் இரும்புக்கடை வைத்திருப்பவர். ஆறடி உயரமும் குறி தவறாத கண்ணும் உடையவர். ஆணி, தாழ்ப்பாள், சங்கிலி, பூட்டு என எல்லாம் கிடைக்கும் அவருடைய கடையில் கிடைக்காத சரக்கு பொறுமை ஒன்றுதான். கடற்கரையை ஒட்டிய திடலில் கூடும் சுடுபயிற்சிக் கழகத்தில் அவர் உறுப்பினர். சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கூட்டில் மறுபடியும் மருந்தும் ஈயக்குண்டும் வைத்துத் தோட்டாவாக்கும் வழக்கம் அக்கழகத்தாரிடம் உண்டு. ராவுத்தரும் அதைச் செய்து பார்த்தார். அவர் செய்தவற்றுள் பாதி துப்பாக்கிக்குள் நுழையவில்லை. நுழைந்தவை வெளியே வரவில்லை.

ஒருநாள் அவருடைய கடைக்காக நான் எழுதிக்கொடுத்த விண்ணப்பம் ஒன்றை அவர் நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"புலவரே, உங்க கையெழுத்துல ஒரு புள்ளிகூட இடம் மாறலியே. இந்தக் கை எனக்கு வேணும்."

"கையை மட்டும் எவ்வாறு தர இயலும்?"

"அப்ப நீங்களும் வாங்க."

அவ்வாறு சென்றவன்தான் நான்.

2

வீட்டில் இத்தொழிலைச் செய்ய இசைவுச்சீட்டு வேண்டும். அதற்கான அலுவலகத்துக்கு நான் நான்கு முறை சென்றேன். முதன்முறை படிவத்தில் மையின் நிறம் தவறு என்றார்கள். இரண்டாம் முறை, நிறம் சரி, படிவம் தவறு என்றார்கள். மூன்றாம் முறை அங்கிருந்த எழுத்தர் பகலுணவுக்குப் போயிருந்தார். மாலைவரை அவர் உண்டுகொண்டே இருந்தார்.

நான்காம் முறை அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தோட்டா செய்பவர் நீர். துப்பாக்கி வைத்திருப்பவர் வேறொருவர். நீர் ஏன் சுடுவதில்லை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

உண்மையைச் சொல்வதே முறையென்று கருதி, "எனக்கு அந்த ஓசை ஒத்துக்கொள்ளாது" என்றேன்.

அவர் அதை அப்படியே படிவத்தில் எழுதி, முத்திரை குத்திவிட்டார். இந்நாட்டரசின் ஆவணத்தில் என்னைப்பற்றி உள்ள ஒரே குறிப்பு, நான் ஓசைக்கு அஞ்சுபவன் என்பதே.

3

சென்ற ஆண்டுதான் ஐரோப்பியர் அல்லாதாரும் ஆண்டுப் போட்டியில் சேரலாம் என்று கழகம் இசைந்தது. ஒவ்வொருவரும் இருபத்து நான்கு தோட்டாக்களோடு வரவேண்டும். வீட்டில் செய்தவையாயின், அவற்றைக் கழகச் செயலாளர் தம் கண்ணால் பார்த்துத் தேர்வார். குறையுள்ளவை தள்ளப்படும். இருபத்து நான்கு தேறாவிட்டால், சுட வந்தவரும் தள்ளப்படுவார்.

துப்பாக்கிக் கடையில் வாங்கிய தோட்டாக்களை எல்லாம் ராவுத்தர் பயிற்சியிலேயே தீர்த்துவிட்டார். இசைவுச்சீட்டின்படி அவ்வாண்டில் அவர் இனி வாங்க முடியாது. ஆகவே அவர் போட்டியில் நிற்பதும் நிற்காததும் என் கைவேலையைப் பொறுத்ததாயிற்று. இது போதாதென்று, போட்டியன்று பகலில் தம் வீட்டில் நெய்ச்சோறு என்று சூலியா தெருவில் நாற்பது பேருக்குச் சொல்லியும்விட்டார்.

"வெற்றி பெற்றபின் அழைத்திருக்கலாமே?" என்றேன்.

"செயிச்சாலும் சோறு, தோத்தாலும் சோறு புலவரே. ஆனா சுடவே விடலன்னு திரும்பி வந்தா, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் சோறு போடுவேன்?"

போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. ஆயுத பூசை முடிந்த மறுநாள் தோட்டாக்களைச் செய்யத் தொடங்கினேன்.

வேலை எளியது. ஈயத்தை உருக்கி அச்சில் வார்த்தால் குண்டு கிடைக்கும். பழைய கூட்டைப் பழுது பார்த்து, வேண்டுவன நிரப்பி, அதன் வாயில் குண்டை நிறுத்தி, ஓர் இடுக்கியால் அழுத்தினால் குண்டு கூட்டுக்குள் போய் அமரும். இடுக்கியின் தலையில், குண்டின் மூக்கைத் தாங்கி அழுத்துவதற்காக, கிண்ணம்போல் குடைந்த சிறிய எஃகுக் கட்டை ஒன்று உண்டு. அவ்வளவே.

முதல் தோட்டாவை விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். குண்டின் மூக்கில், நுனிக்குச் சற்று வலப்புறமாக, ஒரு பள்ளம். கேழ்வரகு மணி ஒன்று பாதி பதிந்து எழுந்தாற்போன்ற அளவு. இரண்டாவதிலும் அதே பள்ளம். பன்னிரண்டாவதிலும் அதே.

ராவுத்தர் பத்துத் தோட்டாக்களைத் திடலுக்கு எடுத்துச் சென்று சுட்டுப் பார்த்தார். பள்ளமில்லாத பழையவை எங்கே பட்டனவோ, இவையும் அங்கேயே பட்டன. குறை அழகில்தான், செயலில் இல்லை. ஆனால் செயலாளர் பார்க்கப்போவது குண்டின் செயலை அன்று, அதன் மூக்கை.

அன்று உணவின்போது இதைச் சொல்லி வருந்தினேன். மங்கை கேட்டாள்: "அது பலகையைத் துளைச்சிட்டு மணல்ல போயி நசுங்கிடும்லா! அப்புறம் அதோட மூக்கை யாருப்பா பாக்கப் போறா?"

"மறுநாள் கிழிக்கப்படும் கடிதத்திலும் நான் பிழை விடுவதில்லை, அம்மா."

"அதனாலதான் உங்க துரை உங்க கடுதாசியக் கிழிக்கவே பயப்படுறாரு."

இவ்வூரில் பிறந்து வளர்ந்த பெண். மீன் வாங்கும்போது மலாய், பள்ளியில் ஆங்கிலம், என்னைக் கேலி செய்வதற்கு மட்டும் தமிழ். கேலிக்காகவேனும் தாய்மொழி எஞ்சியிருக்கிறதே என்று நான் அமைதி கொள்வதுண்டு.

4

குற்றவாளியைத் தேடத் தொடங்கினேன்.

முதலில் அச்சின்மேல் ஐயம் கொண்டேன். அச்சு குளிர்ந்திருந்தால் குண்டில் சுருக்கம் விழும். ஈயம் மிகச் சூடேறினால் உப்புப் பூத்தாற்போல் வெளிறும். இவை நான் அறிந்த நோய்கள். அச்சிலிருந்து விழுந்த குண்டை அப்போதே எடுத்துப் பார்த்தேன். சுருக்கமில்லை, வெளிறலில்லை, பள்ளமுமில்லை. அச்சு விடுதலை பெற்றது.

அடுத்து, தட்டில் விழும்போது ஒன்றோடொன்று மோதி நசுங்குகின்றனவோ என்று எண்ணினேன். என் பழைய வேட்டியை எட்டாக மடித்துத் தட்டில் விரித்தேன். குண்டுகள் மெத்தையில் துயில்வனபோல் விழுந்தன. ஆயினும், தோட்டாவானபின் பள்ளம் இருந்தது. மேலும், மோதலால் விழும் வடு கண்ட இடத்தில் விழும். இதுவோ நுனியிலிருந்து மாறாத தொலைவில் இருந்தது.

அப்போதுதான் என் பார்வை அடுக்களையின் பக்கம் திரும்பியது. திரும்பியிருக்கக் கூடாது.

என் மனைவி சிவகாமி, நான் வார்த்த குண்டுகளை ஒழிந்த கடுகு டப்பா ஒன்றில் எடுத்து வைத்திருந்தாள். அதன் அடியில் பத்துப் பதினைந்து கடுகுகள் கிடந்தன. ஒரு கடுகை எடுத்துப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தேன். ஏறத்தாழப் பொருந்தியது.

"சிவகாமி, காரணம் கிடைத்தது. உன் கடுகுதான்."

அவள் கரண்டியோடு வெளியே வந்தாள். "என்ன சொன்னீங்க?"

"கடுகு ஈயத்தில் பதிந்து..."

"ஈயத்தைக் குடையிற கடுகா? அப்படியாப்பட்ட கடுகைத் தின்னுட்டு இத்தனை வருசமா உங்க வயிறு நல்லாத்தானே இருக்கு!"

அன்றும் மறுநாளும் எங்கள் வீட்டில் தாளிப்பு இல்லை. குழம்பு மௌனமாக வந்தது. ரசம் மௌனமாக வந்தது. கேட்டதற்கு, "எதுக்கு வம்பு? உங்க பல்லுல பள்ளம் விழுந்துரப்போவுது" என்றாள். டப்பாவை மாற்றியபின்னும் பள்ளம் மாறவில்லை. அதை அவளிடம் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை.

அடுத்து ராவுத்தர். வேலை எந்த அளவில் இருக்கிறதென்று பார்க்க நாள்தோறும் வந்து, குண்டுகளை அள்ளி உள்ளங்கையில் உருட்டுவார். அவர் விரலில் செந்நிறக் கல் பதித்த வெள்ளி மோதிரம் ஒன்று. அதன் விளிம்பை நான் உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குவதை அவர் கண்டுகொண்டார்.

"என்ன புலவரே, என் மோதிரத்து மேலயா சந்தேகம்?"

"ஐயம் அன்று, ஆராய்ச்சி."

"எங்க அத்தா போட்டுவிட்ட மோதிரம் இது! தங்கச்சி, கொஞ்சம் சவுக்காரம் குடும்மா!"

சிவகாமி மகிழ்ச்சியோடு சவர்க்காரம் கொணர்ந்தாள். குற்றஞ்சாட்டப்பட்டோர் இருவரும் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டதை உணர்ந்தேன். தந்தை அணிவித்தபின் இருபது ஆண்டுகள் கழலாத மோதிரம் அரைமணி நேரப் போராட்டத்தில் கழன்றது. மோதிரம் இல்லாத கையால் உருட்டிய குண்டிலும் பள்ளம் விழுந்தது. மோதிரத்தைத் திரும்ப மாட்ட முடியவில்லை. ராவுத்தர் அதைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் போனார்.

இப்படியே மூன்று வாரமும் கழிந்தன. பள்ளமுள்ள தோட்டாக்கள் ஒரு பிஸ்கட்டுத் தகரத்தில் ஐம்பதாகச் சேர்ந்தன. ஈயம் தீர்ந்தது. அழுத்தப்படாத குண்டுகளாக எஞ்சியவை பன்னிரண்டே.

5

போட்டிக்கு முந்திய நாள் அரைநாள் விடுப்புப் பெற்று வீட்டுக்கு வந்தேன். முதல்நாளே செய்திருக்க வேண்டியதை அன்றுதான் செய்தேன். எஞ்சிய பன்னிரண்டோடு, முன்பே பள்ளமுற்ற தோட்டா ஒன்றையும் வைத்துக்கொண்டு, பள்ளம் எந்தப் படியில் பிறக்கிறது என்று பின்னோக்கிச் சென்றேன். இடுக்கியில் வைக்கும்வரை ஒவ்வொரு குண்டும் மாசற்று இருந்தது. இடுக்கியிலிருந்து எடுத்தபின்தான் அத்தோட்டாவில் வடு இருந்தது. ஆகவே குற்றம் இடுக்கிக்குள் இருந்தது. அதை நான் கடைசிவரை ஐயுறாததற்குக் காரணம் உண்டு. என்னைத் தவிர வேறு எவரும் தொடாத கருவி அது ஒன்றே.

எஃகுக் கட்டையைக் கழற்றி அதன் கிண்ணத்துக்குள் பார்த்தேன். குண்டுகளுக்குப் பூசும் மெழுகு அப்பிக் கருமையாக இருந்தது. மெழுகை இளக்குவதற்காக, கட்டையைக் குறட்டால் பிடித்துக் கரியடுப்பின்மேல் காட்டினேன்.

மெல்லிய புகை எழுந்தது. அடுக்களையிலிருந்து சிவகாமியின் குரல் வந்தது.

"ஏங்க, சந்தன வாசம் வருது! யாரு இந்நேரத்துல சந்தனம் அரைக்கிறது?"

கட்டையை மூக்கருகே கொண்டுவந்து முகர்ந்தேன்.

ஆயுத பூசையன்று ஒவ்வொரு கருவிக்கும் சந்தனம் இட்டு, அதன்மேல் குங்குமம் இட்டவன் நானே. இடுக்கியின் வெளிப்புறத்தில் பொட்டிட்டபோது என் மனம் நிறையவில்லை. உழைப்பது உட்புறம்; சிறப்புப் பெறுவது வெளிப்புறமா? அது நேர்மையன்று என்று கருதி, குண்டூசியின் முனையில் சந்தனம் தொட்டு, எஃகுக் கிண்ணத்துக்குள்ளும் ஒரு பொட்டு வைத்தேன். மறுநாள் வெளிப்பொட்டுகளைக் கவனமாகத் துடைத்தேன். உட்பொட்டை மறந்தேன். அது உலர்ந்து, மெழுகோடு குழைந்து, ஒவ்வொரு அழுத்தத்திலும் இறுகி, கல்போலாகி, குண்டுகள் அனைத்தின் மூக்கிலும் தன்னைப் பதித்திருக்கிறது.

சிவகாமி வாயிலில் வந்து நின்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப, கடுகு இல்லையே?"

"இல்லை."

அவள் திரும்பிப் போனாள். சற்று நேரத்தில், மூன்று வாரமாகக் கேட்டிராத உற்சாகத்தோடு, எண்ணெயில் கடுகு படபடவென்று வெடித்தது.

கட்டையைத் துப்புரவாக்கி, எஞ்சிய பன்னிரண்டு குண்டுகளையும் கூடுகளில் அமர்த்தினேன். கீறலில்லை, நசுங்கலில்லை, பள்ளமில்லை. நான் எழுதிய எந்த வாக்கியமும் அவ்வளவு மாசற்று அமைந்ததில்லை. ஆனால் அவை பன்னிரண்டு. வேண்டுவன இருபத்து நான்கு.

6

மறுநாள் காலை, பெட்டியில் பன்னிரண்டு நல்லவற்றையும் பன்னிரண்டு பள்ளமுள்ளவற்றையும் எடுத்துக்கொண்டு திடலுக்குப் போனோம். ரிக்‌ஷாவில் ராவுத்தர் என் காதருகே குனிந்தார்.

"நல்லத மேல அடுக்குங்க, பள்ளத்தக் கீழ போடுங்க. துரை நாலு எடுத்துப் பாத்துட்டு விட்டுருவாரு."

"அது ஏமாற்று."

"ஏமாத்து இல்ல புலவரே, அடுக்கு! தக்காளிக் கடையில நீங்க பாத்ததில்லையா? எங்க கடையில பூட்டுகூட அப்படித்தான் அடுக்குவோம்."

நான் இணங்கவில்லை. பெட்டியில் இரு வரிசைகளாக, யாவரும் பார்க்க, நேர்மையாக அடுக்கினேன். ராவுத்தர் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

செயலாளர் படையில் இருந்து ஓய்வுபெற்ற முதியவர், வெண்ணிற மீசை. பெட்டியைத் திறந்ததும் அவர் புருவம் உயர்ந்தது. இரு வரிசையிலும் ஒவ்வொன்றை எடுத்துப் பக்கம் பக்கமாகப் பிடித்தார்.

"இவை இருவர் செய்தவை. ஒரு போட்டியாளரின் தோட்டாக்கள் அனைத்தும் ஒருவரே செய்தவையாக இருக்க வேண்டும் என்பது விதி" என்று ஆங்கிலத்தில் கூறினார்.

இத்தகைய விதி ஒன்று இருப்பது எங்களுக்குத் தெரியாது. விளக்கம் கூறும் கடமை எனதாயிற்று. ஆயுத பூசை என்பது யாது, அது எக்காரணத்தால் கொண்டாடப்படுகிறது, கருவிகளுக்குச் சந்தனம் இடுவதன் கருத்து யாது என்பவற்றை முறையாகத் தொடங்கி, ஒரே ஆங்கில வாக்கியத்தில் சொல்லிக்கொண்டு சென்றேன். மூன்றாவது கிளைவாக்கியத்தில் நான் இருந்தபோது ராவுத்தர் பொறுமை இழந்தார்.

"சார்! இந்தப் பள்ளம் எங்க மார்க்கு சார்!" என்று தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முழங்கினார். "என் கடையில மார்க்கு இல்லாத பூட்டு வாங்க மாட்டேன் சார். மார்க்கு இருந்தாத்தான் நம்ம சரக்கு!"

செயலாளர் தம் கண்ணாடியை அணிந்து, பள்ளமுள்ள பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் பள்ளம் நுனியிலிருந்து ஒரே தொலைவில், ஒரே ஆழத்தில் இருந்தது. அவர் முகம் மலர்ந்தது. என் பக்கம் திரும்பினார்.

"இது உம்முடைய அடையாளந்தானா?"

ராவுத்தரின் கண்கள் என்மேல் நிலைத்தன. நாற்பது பேரின் நெய்ச்சோறு அக்கண்களில் ஆவி பறந்தது. நான் எண்ணிப் பார்த்தேன். சந்தனம் நான் அரைத்தது. ஊசி நான் பிடித்தது. இடம் நான் தேர்ந்தது. இவ்வூரில் வேறு எவனும் இதைச் செய்திருக்க மாட்டான், செய்யவும் மாட்டான். இதைவிட ஒருவனுக்கு உரிய அடையாளம் வேறு எதுவாக இருக்க முடியும்?

"ஆம் ஐயா. அது என்னுடையதே" என்றேன்.

"பாகுஸ்!" என்று மலாயில் பாராட்டி என் முதுகில் தட்டினார் செயலாளர். பிறகு, என் மாசற்ற பன்னிரண்டையும் பெட்டியிலிருந்து எடுத்து ஒதுக்கி வைத்தார். "அடையாளம் இல்லாத இவற்றை ஏற்க இயலாது. யார் செய்தார்களோ தெரியாது. ஒரு மணி நேரம் தருகிறேன். இதே அடையாளமுள்ள பன்னிரண்டு கொண்டுவாரும்."

ரிக்‌ஷாக்காரரின் ஓட்டத்தை அன்றுபோல் நான் என்றும் விரைவுபடுத்தியதில்லை. வீட்டுப் படியில் நான் மூச்சிரைக்க நின்று பிஸ்கட்டுத் தகரத்தைக் கேட்டபோது சிவகாமியும் மங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

"பள்ளம் இருக்கறதையா கேக்குறாங்க?" என்றாள் சிவகாமி.

"பள்ளம் இருப்பவற்றை மட்டுமே கேட்கிறார்கள்."

"ரெண்டு நாள் போதாது, மூணு வாரமும் தாளிக்காம இருந்திருக்கணும் நானு" என்று சொல்லிவிட்டுத் தகரத்தை நீட்டினாள்.

குறித்த நேரத்துக்குள் திடலை அடைந்தேன். ராவுத்தர் இருபத்து நான்கையும் சுட்டார். நான் வேலிக்கு அப்பால், இரு காதுகளிலும் பஞ்சு அடைத்து, அரசாவணத்துக்கு ஏற்றவாறு நின்றேன். அவர் மூன்றாம் இடம் பெற்றார். பரிசாகக் கொடுத்த வெள்ளிக் கிண்ணம் அரைவாய்க் கோப்பிக்குக்கூடப் போதாது. ஆயினும் அன்று பகல் நெய்ச்சோற்றுப் பந்தியில் அது நாற்பது கைகளில் சுற்றிவந்தது. மோதிரம் போன விரலில் ராவுத்தர் அதை மாட்டிக்காட்டியபோது பந்தியே சிரித்தது. அவர் மோதிரத்தை ஐயுற்ற என் தவற்றையும் அந்தச் சிரிப்போடு அவர் மறந்துவிட்டார் என்று நான் கண்டுகொண்டேன்.

7

அடுத்த வாரம் கழகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. என் அடையாளம் பதிவேட்டில் குறிக்கப்பட்டுள்ளதாகவும், 'நுனிக்கு வலப்புறம் சிறு பள்ளம்' என்னும் அக்குறிப்பிலிருந்து மாறுபடும் தோட்டாக்கள் வருங்காலத்தில் ஏற்கப்படமாட்டா என்றும் அதில் கண்டிருந்தது. கடிதத்தில் இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன. திருத்தி அனுப்பவில்லை.

மாசற்ற பன்னிரண்டும் ஒரு கண்ணாடிப் புட்டியில் என் மேசைமேல் இருக்கின்றன. அவற்றைச் சுட எவருக்கும் உரிமையில்லை. வேலைக்கு இடையே நான் அவற்றைப் பார்ப்பதுண்டு.

ஆகவே இன்று காலை, பூசைக்குமுன், எஃகுக் கட்டையைக் கழற்றினேன். சந்தனத்தைக் குழைத்தேன். குண்டூசியின் முனையில் தொட்டுக் கிண்ணத்துக்குள் வைத்தேன். வாழ்த்துச் சொல்ல வந்திருந்த ராவுத்தர், செருப்பைக் கழற்றிவிட்டு வந்து என் தோளுக்கு மேலாகக் குனிந்தார். சட்டைப்பையிலிருந்து சென்ற ஆண்டுத் தோட்டா ஒன்றை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதன் பள்ளத்தையும் என் பொட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

"புலவரே, ஒரு மயிரிழை இடப்பக்கம் போயிருச்சு."

துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தேன்.